செவிக்குரிய கவிதை

பெங்களூரில் இன்று மேடைக் கவிதைக்குப் பஞ்சமில்லை. ஆங்கிலம், இந்தி, கன்னடம் எனப் பல மொழிகளிலும் இளைஞர்கள் ஒலிபெருக்கியின்முன் நின்று தம் கவிதைகளைச் சொல்கின்றனர். 1986-இல் சிகாகோவில் வேரூன்றிய கவிதைப் போட்டி மேடையை இதற்கு முன்னோடி என்பர். தமிழுக்கோ இது புதிதன்று. வெண்பாவுக்குச் செப்பல், ஆசிரியப்பாவுக்கு அகவல், கலிப்பாவுக்குத் துள்ளல், வஞ்சிப்பாவுக்குத் தூங்கல் என ஒவ்வொரு பாவுக்கும் ஓசை வகுத்தது நம் யாப்பிலக்கணம். அச்செல்வத்தை நம் கவியரங்குகள் பேணினவா? ஒரே அடியை இருமுறை சொல்லிக் கைதட்டலுக்குக் காத்திருப்பதும், தலைவரைப் புகழ்வதும் ஓசைநயம் ஆகா.

ஜெர்மானிய மேடைகளில் ஒரு வழக்கம் உண்டு. மறைந்த கவிஞர்களின் பாடல்களை நடிகர்கள் நிகழ்த்துவர். வாழும் கவிஞர்கள் அவர்களோடு போட்டியிடுவர். பழங்கவிதை இன்றும் உயிரோடிருக்கிறதா என்பதை அவையோரின் செவியே முடிவு செய்யும்.

கதே 1782-இல் இயற்றிய 'எர்ல்கோனிக்' என்னும் கதைப்பாடலை எடுத்துக்கொள்வோம். நள்ளிரவில் ஒரு தந்தை மகனை அணைத்தவாறு குதிரையில் விரைகிறான். பேயரசன் தன்னை அழைப்பதாக மகன் அலறுகிறான். அது மூடுபனி, அது காற்று என்று தந்தை தேற்றுகிறான். வீடு சேரும்போது மகன் உயிரோடில்லை. டேனிஷ் நாட்டுப்பாடல் ஒன்றை ஹெர்டர் ஜெர்மனில் பெயர்த்திருந்தார். அதன் தூண்டுதலில் பிறந்ததே இப்பாடல். ஆகவே மறுஆக்கம் கவிதைக்கு இழுக்கன்று. தொல்காப்பியமும் வழிநூல் வகைகளுள் மொழிபெயர்ப்பைச் சேர்த்தே எண்ணுகிறது.

எனினும், பொருளை மட்டும் உரைநடை வரிகளாக உடைத்துத் தமிழ் மேடையில் படித்தால் எஞ்சுவது வெறும் செய்தியே. கதைசொல்வோன், தந்தை, மகன், பேயரசன் என இதில் நான்கு குரல்கள் உள்ளன. 1815-இல் இதற்கு இசையமைத்த ஷூபர்ட், நான்கையும் ஒரே பாடகருக்கு வழங்கிக் குளம்பொலியைப் பியானோவில் ஏற்றினார். நம்மிடமும் கருவிகள் உண்டு. குதிரையின் விரைவுக்குத் துள்ளல் ஓசை பொருந்தும். தந்தையின் விடைகளுக்குச் செப்பல் பொருந்தும். பேயரசன் தாலாட்டின் மெட்டில் அழைக்கட்டும். தாய்மடியில் கேட்ட ஓசையே சாவின் அழைப்பாக வருகையில் அவை நடுங்கும். முடிவில் ஒப்பாரி வேண்டா. மூலப்பாடல் இறப்பைக் கூறும் ஒரு சொல்லோடு நின்றுவிடுகிறது. நாமும் அங்கே நிற்றல் வேண்டும். இடையில் கைதட்டலுக்கு இடமேயில்லை.

இந்நகரில் பிறந்த நம் பிள்ளைகளுட் பலர் தமிழைக் கேட்டறிவர், படித்தறியார். ஏட்டில் அடைபட்ட கவிதையை அவர்களுக்குச் செவிவழியே தருதல் நம் கடன். அல்சூர் ஏரிக்கருகே நம் சங்கமும், இந்திராநகரில் மாக்ஸ்முல்லர் பவனும் உள்ளன, இடைத்தொலைவு மிகுதியன்று. வரும் கவியரங்குகளில் புகழ்ப்பாக்களைக் குறைத்து, இத்தகைய பாடல் ஒன்றையேனும் தமிழோசையில் அரங்கேற்றுவோமாயின், நம் பிள்ளைகள் தமிழையும் உலகையும் ஒருங்கே கேட்பர்.