புன்னைக்கொட்டை

மட்டாஞ்சேரிக் கரையோரம் காலடியில் புன்னைக்கொட்டை உருண்டு கிடந்தால் எனக்கு மிதிக்க மனம் வராது; எடுத்துப் பையில் போட்டுக்கொள்வேன். ஓட்டை உடைத்தால் வெளிர் மஞ்சள் பருப்பு. பச்சையாகப் பிழிந்தால் எண்ணெய் தராது. வாரக்கணக்கில் காய வேண்டும். காயக் காயப் பழுப்பேறி, விரலில் பிசுபிசுக்கும். உலர்ந்த பருப்பில் பாதிக்கு மேல் எண்ணெய்தான்: கரும்பச்சை நிறம், கெட்டியான பதம், மூக்கில் ஏறும் நெடி. என்ன அழகான பொறுமை!

சமையலுக்கு ஆகாது. விளக்கெரிக்க, மரப்படகுக்குப் பூச, மூட்டுவலிக்குத் தேய்க்க, ஆறாத புண்ணுக்குத் தடவ என்று கரையோர மக்கள் வைத்திருந்தார்கள். வீக்கம் தணிக்கும் கலோபில்லோலைடு இதில் உண்டு. பயோடீசலும் ஆகும், ஆனால் தனித்த கொழுப்பு அமிலம் அதிகம் என்பதால் எடுத்தவுடன் காரம் சேர்த்தால் சோப்பாகிவிடும். முதலில் அமிலத்தை ஊக்கியாக வைத்து மெத்தனாலோடு வினைப்படுத்தி, பிறகே காரம்.

கொச்சியின் டச்சுத் தளபதி வான் ரீடே தொகுத்து, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்’ நூலிலும் புன்னைக்கு இடமுண்டு. உப்புக்காற்றிலும் மணலிலும் தானாக வளரும் மரம். கரையில் சுவர் எழுப்புகிறவர்களே, இதை வெட்டிவிடாதீர்கள்.