தகுதியும் எல்லைக்கோடும்: தொழில் புரிவோரும் கணினி விஞ்ஞான முதுமாணிக் கல்வியும்

உயர்கல்விக்கு மாணவரைத் தெரிவுசெய்யும் முறை எதுவாயினும் அது இரு பணிகளை ஆற்றுகின்றது. கிடைக்கும் இடங்களைப் பங்கிடுவது ஒன்று. அப்பங்கீடு நியாயமானதே எனச் சமூகத்தை ஏற்கச் செய்வது மற்றொன்று. முன்னது நிர்வாகம் சார்ந்தது. பின்னது கருத்துநிலை சார்ந்தது. இவ்விரண்டும் மயங்கும்போது, இடப்பற்றாக்குறையினால் எழுந்த எல்லைக்கோடு தகுதியின் எல்லைக்கோடாகவே கொள்ளப்படுகின்றது. தொழில் புரிந்துகொண்டே கணினி விஞ்ஞானத்தில் முதுமாணிப் பட்டம் பெற முனைவோரின் நிலை இதற்குத் தக்க சான்றாகும்.

ஐக்கிய அமெரிக்காவின் அற்லாண்டா நகரிலுள்ள ஜோர்ஜியா தொழினுட்ப நிறுவகம், யுடாசிற்றி, ஏ.ரி. அன்ட் ரி. ஆகிய நிறுவனங்களுடன் இணைந்து, 2014 ஜனவரியில் இணையவழி முதுமாணிக் கற்கைநெறியொன்றைத் தொடங்கியது. வளாகத்தில் இப்பட்டத்துக்கு வெளிமாநில மாணவர் ஏறத்தாழ 45,000 டொலர் செலவிட வேண்டியிருந்தது. இணையவழியிலோ அது ஏறத்தாழ 7,000 டொலராகவே அமைந்தது. இக்கற்கைநெறி பற்றி ஜொசுவா கூட்மனும் வேறிருவரும் மேற்கொண்டு 2019 இல் வெளியிட்ட ஆய்வு ஊன்றிக் கற்கத்தக்கது. வளாகக் கல்விக்கு விண்ணப்பித்தோரின் சராசரி வயது 24. இணையவழிக்கு விண்ணப்பித்தோரின் சராசரி வயதோ 34. பின்னவருட் பெரும்பாலோர் தொழிலில் இருப்போர்.

தொடக்கத்தில் தெரிவு நிகழ்ந்த முறையே இங்கு முக்கியமானது. விண்ணப்பங்கள் முதற்பட்டப் புள்ளிச் சராசரியின் இறங்குவரிசையில் வாசிக்கப்பட்டன. உடனடி அனுமதிக்குரிய 500 பேர் கிடைத்ததும் வாசிப்பு நின்றது. அது நின்ற இடம் 3.26. இவ்வெண்ணை எவரும் கல்வி நோக்கில் முன்கூட்டி வகுக்கவில்லை. எனினும் அதன் விளைவு பாரதூரமானது. கோட்டின் இருமருங்கிலும் அண்மித்து நின்றோரை ஒப்பிட்டபோது, வாய்ப்புக் கிட்டியோர் கற்றனர். கிட்டாதோர் பிற நிறுவனங்களை நாடிச் செல்லவில்லை, பெரும்பாலும் கல்வியையே கைவிட்டனர். ஆற்றலில் வேறுபடாத இரு சாராரைப் பிரித்தது நிர்வாக வசதியேயன்றி வேறன்று.

முப்பத்துநான்கு வயதினரை இருபத்திரண்டு வயதிற் பெற்ற புள்ளிகளால் அளப்பது எவ்வளவு பொருத்தம்? இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் எழுதிய நிரல்களும் சீர்செய்த முறைமைகளும் அப்புள்ளிகளில் இடம்பெறுவதில்லை. சிபாரிசுக் கடிதங்களும் அவருக்குப் பெரிதும் துணைநிற்பதில்லை. அன்றைய விரிவுரையாளர் அவரை மறந்திருப்பார். இன்றைய மேலதிகாரி அவரது உழைப்பை அறிவாரேயன்றிக் கல்வியாற்றலை அறியார்.

புள்ளிகளே யாவர்க்கும் பொதுவான அளவுகோல் என்று வாதிப்போர் உளர். அனுபவத்தை அளவுகோலாக்கின் பெருநிறுவனங்களிற் பணிபுரிவோரே நன்மை அடைவர் என்பது அவர்தம் அச்சம். இவ்வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயின் பழைய புள்ளிக்கும் தொழில் அனுபவத்துக்கும் அப்பால் மூன்றாவது வழியொன்றும் உண்டு. தகைமையுடையோரைப் பரவலாக அனுமதித்து, முதலாண்டிலேயே இரு அடிப்படைப் பாடங்களில் 'பி' தரமேனும் பெறவேண்டும் என விதிப்பதே அது. இக்கற்கைநெறி அவ்வழியையே பின்பற்றி வந்துள்ளது. ஒருவர் அன்று எத்தகையவராயிருந்தார் என்பதன்றி இன்று என்ன செய்ய வல்லவர் என்பதே இங்குச் சோதிக்கப்படுகின்றது. சோதனை வாயிலிலிருந்து வகுப்பறைக்கு நகர்கின்றது.

எனினும் இதனையும் முழுமையான தீர்வு எனக் கொள்ளலாகாது. பத்துப் பாடங்களைக் கற்று முடிக்க வேண்டியவர் தமது இரவுகளையும் விடுமுறைகளையுமே விலையாகத் தருகின்றார். கட்டணம் குறைந்தது, நேரத்தின் விலை குறையவில்லை. வீட்டுப் பொறுப்பையும் சுமக்கும் பெண்ணுக்கு அவ்விலை இன்னும் அதிகம். அவரது கல்வியாற் பயனடையும் தொழில்வழங்குநர் வேலைநேரத்தில் ஒரு பகுதியையேனும் விட்டுக்கொடாதவரை, திறந்த வாயிலூடே நுழைந்தோருள் ஒரு சாரார் இடைவழியிற் களைத்து நிற்பர். அவர்களையும் தகுதியற்றோர் என அழைப்பது, பழைய எல்லைக்கோட்டைப் புதிய இடத்தில் வரைவதாகவே முடியும்.

ஆகவே தெரிவுமுறையை மதிப்பிடுவோர், உள்ளே வந்தோரின் சித்தியை மட்டும் கணக்கிடுதல் போதாது. வெளியே நின்றோர் பின்னர் என்ன ஆயினர் என்பதையும் கேட்டல் வேண்டும். அக்கேள்வி எழுப்பப்பட்டமையாலேயே 3.26 என்ற எண் தகுதியின் அளவன்று என்பது வெளிப்பட்டது.