ஒன்பதடிக் கறுப்புக் கம்பு

உறையைப் பிரித்துக் கையில் எடுத்ததுமே எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. தூண்டில் கயிறு ஓடும் கைடு வளையம் இல்லை, தக்கைப் பிடி இல்லை, ரீல் மாட்டும் இருக்கை இல்லை. மொட்டையாக நான்கு துண்டுக் கார்பன் குழல்கள். ராட் கட்டுகிறவர்கள் இதைத்தான் பிளாங்க் என்கிறோம். ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகினால் ஒன்பது அடி. அடிப்பக்கம் என் சுண்டுவிரல் பருமன், நுனி தென்னை ஈர்க்கு. சமையலறைத் தராசில் வைத்தேன், 100 கிராம்கூட இல்லை. பாரை மீனோடு மல்லுக்கு நிற்கப் போவது இதை வைத்துத்தான்!

எனக்கு ஊர் தூத்துக்குடி. காய்கறியும் கட்டுமானச் சாமானும் ஏற்றிக்கொண்டு மாலேக்குப் போகும் தோணிகளைப் பார்த்து வளர்ந்தவன், இப்போது அதே மாலத்தீவில் ஒரு சின்னத் தீவுப் பள்ளியில் கணக்கு வாத்தியார். பள்ளிக்குப் பின்னால் பத்து நிமிடம் நடந்தால் முழங்கால் ஆழக் கடல். வெள்ளை மணல், அதற்கப்பால் பவளப் பாறை விளிம்பு, அதற்கும் அப்பால் கருநீலம். ஏற்றத்தில் நீர் ஏறும்போது திருக்கைகள் மணலைக் கிளறிக்கொண்டு உள்ளே வரும். அவற்றின் முதுகுக்கு மேலே, நிழல்போல் ஒட்டிக்கொண்டு, பெரும்பாரை வரும். மணலிலிருந்து தப்பி ஓடும் நண்டையும் பொடிமீனையும் பிடித்துத் தின்ன அதற்கு அந்தத் திருக்கைதான் துணை.

இந்த மீனைப்போல ஒரு மீனை நான் கண்டதில்லை. 2006இல் ஜப்பானின் ககோஷிமா பக்கம் தூண்டிலில் பிடிபட்டது 72.8 கிலோ. செஷல்ஸின் ஃபார்குவார் தீவில் கடலுக்கு மேலே தாழப் பறக்கும் ஆலாக் குஞ்சுகளை எகிறிக் கவ்வுவதை 2017இல் வெளிவந்த ‘ப்ளூ பிளானட் 2’ தொடரில் உலகமே பார்த்தது. அந்தக் காட்சியை நான் எத்தனை முறை ஓடவிட்டிருப்பேன் என்று கணக்கில்லை.

ஃப்ளை தூண்டிலில் நாம் வீசுவது இரையை அல்ல, கனமான லைனை. இறகும் நாரும் கட்டிய போலி இரை அதன் வாலில் ஒட்டிக்கொண்டு போகிறது. சிற்றோடை ட்ரவுட் மீனுக்கு உதவும் 5ஆம் எண் லைனின் முதல் 30 அடி 140 கிரெயின், அதாவது 9 கிராம். பாரைக்கான 12ஆம் எண் லைனில் அதே 30 அடி 380 கிரெயின், ஏறக்குறைய 25 கிராம். அந்தப் பாரத்தையும், காற்றில் குடைபோல் விரியும் உள்ளங்கை நீளப் போலி மீனையும், எதிர்க்காற்றில் 20 மீட்டர் தள்ளி ஒரு திருக்கையின் மூக்குக்கு முன்னால் வைக்க வேண்டும். கிடைக்கும் நேரம் ஐந்தாறு விநாடி. இங்கேதான் ஃபாஸ்ட் ஆக்‌ஷன் கம்பின் அருமை தெரிகிறது. அது மேல் மூன்றிலொரு பங்கில்தான் முதலில் வளையும். வளைந்த வேகத்தில் நிமிரும். லைனின் வளையம் ஒடுங்கி, கச்சான் காற்றையும் கிழித்துக்கொண்டு போகும். இரண்டே வீச்சு, மூன்றாவது வீச்சில் இரை தண்ணீரில். அந்த நொடியில் உள்ளங்கையில் ஏறும் துடிப்பு இருக்கிறதே, அதற்காகவே நான் இரவெல்லாம் விழித்துக் கம்பு கட்டுவேன்.

ஆனால் வீச்சு பாதிக் கதைதான். இதை ஒரு கம்பை இழந்துதான் கற்றேன். நான் முதலில் வாங்கியது கட்டிமுடித்த ராட். கடையில் ஆட்டிப் பார்த்தேன், விறைப்பாக இருந்தது, வாங்கிவிட்டேன். முதல் பெரிய பாரை பாறைக்கடியில் புகப் பார்த்தது. பதறிப்போய்க் கம்பைச் செங்குத்தாகத் தூக்கினேன். வெடிச் சத்தம். நுனித் துண்டு இரண்டாகிவிட்டது. தூக்கிப் பிடித்தால் மீனின் பாரமெல்லாம் ஈர்க்குப் பருமன் நுனியில்தான் விழும். தாழ்த்திப் பிடித்தால் பாரம் கீழே இறங்கி அடித்தண்டுக்கு வரும். பெரிய மீனை வெல்லும் பலம் முழுவதும் அங்கேதான் குடியிருக்கிறது.

அன்றிலிருந்து நான் எந்தக் கம்பையும் ஆட்டிப் பார்த்து முடிவு செய்வதில்லை. வில்லியம் ஹானிமேன் என்ற அமெரிக்கர் ஒரு முறையை வகுத்துத் தந்திருக்கிறார். கணக்கு வாத்தியாருக்கு அது அமுதம். கம்பைக் கிடையாகப் பிடித்துக் கட்டி, நுனியில் ஒரு பையைத் தொங்கவிட்டு, அமெரிக்க செண்ட் நாணயங்களை ஒவ்வொன்றாகப் போட வேண்டும். கம்பின் நீளத்தில் மூன்றிலொரு பங்கு நுனி தாழும்வரை, ஒன்பதடிக்கு 36 அங்குலம். எத்தனை நாணயம் என்பது கம்பின் பலம். அப்போது நுனி கிடைக்கோட்டோடு செய்யும் கோணம் கம்பின் ஆக்‌ஷன். 66 பாகைக்கு மேலே போனால் ஃபாஸ்ட். என்னிடம் செண்ட் இல்லை. ஒன்றின் எடை 2.5 கிராம் என்பது போதாதா? மணலைக் கொட்டி நிறுத்து வகுத்துக்கொண்டேன்.

எவ்வளவு எளிமை, எவ்வளவு வெளிச்சம்! வேகம் வேறு, பலம் வேறு என்று என் வீட்டு வராந்தாவில்தான் கண்ணாரக் கண்டேன். 12 என்று எழுதிய இரண்டு பிளாங்குகளை வரவழைத்திருந்தேன். இரண்டுமே ஃபாஸ்ட். பிறகு நுனியில் கயிறு கட்டி, மறுமுனையைத் தரையில் வைத்த மணல் வாளியில் முடிந்து, கம்பைத் தாழ்த்தி இழுத்தேன். முதலாவது நடுவிலேயே கூனிப்போய் நின்றுவிட்டது. இரண்டாவது வளைந்து, வளைந்து, அடித்தண்டு வரை வந்து, அங்கே ஒரு யானையைப்போல ஊன்றிக்கொண்டது. வாளி தரையைவிட்டு எழுந்தது. எனக்கு வேண்டியது இதுதான் என்று அந்தக் கணமே தெரிந்துவிட்டது.

விவரத் தாளில் கொட்டை எழுத்தில் இருக்கும் ‘ஹை மாடுலஸ்’, அதாவது அதிக விறைப்பு நார், என்ற சொல்லில் நான் மயங்குவதில்லை. 1973இல் ஃபென்விக் நிறுவனம் முதல் கிராஃபைட் ஃப்ளை ராடை விற்பனைக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து நார்கள் விறைப்பாகிக்கொண்டேதான் வருகின்றன. எடை குறைகிறது, வீச்சு கூர்மையாகிறது, உண்மை. ஆனால் விறைப்பு ஏற ஏற நொறுங்கும் குணமும் ஏறும். கனமான கொக்கி ஒருமுறை தட்டினால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். பாரைக்கு எனக்கு வேண்டியது நடுத்தர நாரும் தாராளமான குழல் சுவரும். நீளவாக்கு நார்களுக்கு உள்ளே குறுக்கு நார் சுற்றியிருக்க வேண்டும், வளையும்போது குழல் நசுங்காமல் காப்பது அதுதான். என் பிளாங்கின் மேல்பரப்பை இழைக்காமல் விட்டிருக்கிறார்கள். அடுப்பில் வேகும்போது இறுக்கிச் சுற்றிய நாடாவின் தடம் வரிவரியாகத் தெரியும். விரலால் தடவிப் பார்ப்பேன். பனை மட்டையைத் தடவுவதுபோல அவ்வளவு சுகம்.

கட்டி முடிக்க மூன்று வாரம் ஆனது. குழலின் தடித்த பக்கம் எது என்று உருட்டித் தேடுவோர் உண்டு. நான் நேராக இருக்கும் பக்கத்தைப் பார்த்துக் கைடு கட்டுகிறவன். கம்பை வளைத்துவைத்து, லைன் அந்த வளைவைவிட்டு விலகாமல் ஓடும்வரை ஒவ்வொரு கைடையும் நகர்த்தினேன். பிடிக்கு மேலே இன்னொரு தக்கைப் பிடியும் வைத்தேன், இரு கையாலும் இழுக்க. அந்த யோசனைக்காக என்னையே நான் தட்டிக்கொடுத்துக்கொள்ளலாம்!

ஒரு வெள்ளிக்கிழமை, விடுமுறை. மாணவன் ஒருவனின் தகப்பனார் தன் தோணியில் அழைத்துப்போனார். “சார், அங்கே!” என்றார். திருக்கை. அதன்மேல் சாம்பல் நிறத்தில் ஓர் அகன்ற முதுகு. இரண்டு வீச்சு, மூன்றாவதில் இரை விழுந்தது. கையால் லைனை வாரி இழுத்தேன். தண்ணீர் பிளந்தது. ரீல் அலறியது. பாறை விளிம்பை நோக்கி நேராகப் பாய்ந்தது மீன். கம்பைத் தாழ்த்தினேன், இரு கையும் கொடுத்து எதிர்ப்பக்கம் சாய்த்தேன். வளைவு நுனியைக் கடந்தது, நடுவைக் கடந்தது, அடித்தண்டில் வந்து ஊன்றியது. விளிம்புக்கு ஐந்தடி இருக்கும்போது மீன் திரும்பியது.

தலைநுனியிலிருந்து வால்கவை வரை 92 சென்டிமீட்டர். வாலைப் பிடித்து, தலையை நீரோட்டத்துக்கு எதிரே திருப்பி வைத்திருந்தேன். செவுள் நிதானமாக விரிந்து மூடியது. பிறகு ஒரு உதறல். என் முகமெல்லாம் உப்புத்தண்ணீர். தகப்பனார் கையை நீட்டி, “கம்பைக் கொஞ்சம் கொடுங்க சார்” என்றார். வெகுநேரம் அதைத் திருப்பித் தரவேயில்லை.