காட்டினால் காப்பார்களா?

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வருடாந்திர டூர் என்றால் முன்பெல்லாம் பழனி, கொடைக்கானல், மிஞ்சினால் ஊட்டி. இப்போது கடலோர ஊரான மண்டபம். சனிக்கிழமை சம்பளம் போட்ட கையோடு வேன் கிளம்பிவிடும். தாராபுரம், திண்டுக்கல், மதுரை தாண்டி 300 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, விடியும்போது பாம்பன் பாலத்தில் நிற்கும். குந்துகால் துறையிலிருந்து வனத்துறைப் படகில் மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவு. பாக் விரிகுடாப் பக்கம் போனால் முகத்தில் கண்ணாடியும் வாயில் மூச்சுக்குழாயுமாக ஸ்நார்கெலிங். திங்கட்கிழமை காலையில் எல்லோருடைய ஸ்டேட்டஸிலும் பவளப்பாறை.

இதைப் பற்றி முகம் சுளித்தால் உடனே ஒரு பதில் வருகிறது: "கண்ணால் பார்த்தால்தானே காப்பாற்றத் தோன்றும்?" எனக்குத் தெரிந்த ஒரு கம்பெனி, வெளிநாட்டு பையருக்கு அனுப்பும் சுற்றுச்சூழல் அறிக்கையில் இந்தப் பயணத்தின் படத்தையே சேர்த்திருக்கிறது. இந்த வாதம் தவறு. பல வருடங்களாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இப்போது எழுதியும் வைக்கிறேன்.

பயணத்தில் நல்லதே இல்லை என்று சொல்லமாட்டேன். மீன்பாடு குறைந்துபோன கரையில் படகோட்டும் இளைஞர்களுக்கு அது கூலி. வாரம் ஆறு நாள் நின்றுகொண்டே செக்கிங் பார்க்கும் பெண், கண்ணாடித் தரைப் படகில் குப்புறப் படுத்து வரிக்குதிரை போலக் கோடு போட்ட மீனைப் பார்த்துச் சிரிப்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சந்தோஷத்தில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அந்தச் சந்தோஷமே பவளத்தைக் காப்பாற்றிவிடும் என்பதில்தான் என் சண்டை.

ஒரு மே மாதப் பயணத்தில் நானும் போயிருந்தேன். படகு நின்ற இடத்தில் தண்ணீர் ஆளுயரம்கூட இல்லை. கண்ணாடிக்குக் கீழே மான்கொம்பு போலக் கிளை விரித்த பவளம், நுனி முதல் அடி வரை தூய வெள்ளை. பக்கத்தில் இருந்த அக்கா சொன்னார்: "நம்மூர்ல பிளீச்சிங் போட்ட துணியாட்டம் எப்படி வெள்ளை வெளேர்னு இருக்குது பாருங்க!" எல்லோரும் போனை நீட்டினார்கள். படகுக்காரர் "வெள்ளைப் பவளம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த இடத்துக்குத் திருப்பினார்.

அக்கா சொன்ன வார்த்தையே அதற்கான வார்த்தை. விஞ்ஞானிகளும் அதை பிளீச்சிங் என்றுதான் சொல்கிறார்கள். பவள உயிரியின் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் அதற்கு நிறமும் தருகிறது, சாப்பாட்டில் பெரும்பங்கையும் தருகிறது. கடல் அளவுக்கு மீறிச் சூடானால் அந்தப் பாசி வெளியேறிவிடும். பிறகு கண்ணாடி போன்ற சதை வழியே சுண்ணாம்பு எலும்புக்கூடு தெரியும். அந்த வெள்ளை, பட்டினி கிடக்கும் உயிரின் நிறம். சில வாரங்களில் சூடு தணிந்தால் பிழைக்கும், தணியாவிட்டால் சாகும். மன்னார் வளைகுடாவில் 2010இலும் 2016இலும் இது பெரிய அளவில் நடந்தது. 2024 ஏப்ரலில் உலகளாவிய நான்காவது பவள வெளிறல் என்று அறிவித்தார்கள். அன்று படகில் இருந்தவர்கள் பார்த்தார்கள். நன்றாகவே பார்த்தார்கள். பார்த்தது என்ன என்பது ஒருவருக்கும் தெரியவில்லை.

"அப்படியானால் விளக்கிச் சொல்லும் வழிகாட்டியைப் போடுங்கள்" என்பார்கள். போடட்டும். ஆனால் தெரிந்து பார்த்தாலும் காக்கமாட்டோம் என்பதற்கு நம் ஊரே சாட்சி.

நொய்யல் ஆற்றை நாம் பார்க்காமலா இருந்தோம்? வளர்மதி பாலத்தைத் தினமும் எத்தனை ஆயிரம் பேர் கடந்தார்கள்! சாயப்பட்டறைகளில் இன்றைக்கு என்ன கலர் ஓடுகிறது என்று ஆற்றைப் பார்த்தே சொன்னோம். மூக்கைப் பொத்திக்கொண்டு போனோம். காரணம் தெரியாதவர் ஒருவர்கூட ஊரில் இல்லை. அது எங்கிருந்தோ வந்த கழிவுமல்ல, நம் கையால் கலக்கி நாமே விட்ட சாயம். பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையிலிருந்து தண்ணீர் திறக்க வேண்டாம் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. அப்போதும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

ஆற்றுக்காக வழக்குப் போட்டது ஆயக்கட்டு விவசாயிகள். கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறக் கூடாது என்று சொன்னது நீதிமன்றம். அதன் பிறகும் சாக்குப் போக்கு சொல்லி நாள் கடத்திய ஊரை, 2011 ஜனவரி 28இல் சென்னை உயர் நீதிமன்றம் 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொல்லித்தான் நிறுத்தியது. அந்த மாதங்களில் வேலை இழந்தவர்களின் வலி எனக்குத் தெரியும், என் தெருவிலேயே இருந்தார்கள். ஆனாலும் கழிவு நின்ற அளவுக்கு நின்றது அந்தப் பூட்டால்தான், பாலத்தில் நின்று பார்த்த நம் கண்ணால் அல்ல.

கடலிலும் இதே கதைதான். மன்னார் வளைகுடாவில் பல காலம் படகு படகாகப் பவளக் கல்லை வெட்டி எடுத்தார்கள். கரையில் குவித்துச் சுண்ணாம்புக்குச் சுட்டார்கள். எதுவும் ஒளிவுமறைவாக நடக்கவில்லை, கரையோரம் முழுக்கப் பார்த்தது. 1986இல் தேசியப் பூங்கா என்று அறிவித்த பிறகும் வெட்டு நிற்கவில்லை. பூங்காவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் கடலுக்குள் போய்விட்டன. அலையைத் தடுக்கும் பவளப்பாறையை வெட்டி எடுத்தால் பின்னால் இருக்கும் மணல் தீவு எப்படி நிற்கும்? 2001இல் பவளத்தை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்குச் சமமாக வைத்தார்கள். அதன் பிறகே வெட்டு அடங்கியது. பாறையின் அழகைப் படகில் போய்ப் பார்த்தவர்கள் போராடியதால் நின்ற வெட்டு ஒன்றையாவது எனக்குக் காட்டுங்கள்.

படகில் ஏறும்போது நமக்குச் சொல்லப்படுவதெல்லாம் மிதிக்காதீர்கள், தொடாதீர்கள், பிளாஸ்டிக் போடாதீர்கள். மூன்றையும் கடைப்பிடித்துவிட்டுக் கரையேறுகிறவர், தன் பங்குக்குப் பவளத்தைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியோடு வேனில் தூங்குகிறார். கடலைச் சூடாக்கும் நிலக்கரிப் புகையையோ, பவளப்பாறையில் சிக்கிக் கிடக்கும் அறுந்த வலையையோ, ஒவ்வொரு சலவையிலும் பாலியஸ்டர் டி-ஷர்ட் உதிர்க்கும் நுண்ணிழையையோ அவரிடம் யாரும் பேசுவதில்லை. அந்த டி-ஷர்ட்டைத் தைப்பது நாம். பொய்யான நிம்மதியைத் தருவதுதான் இந்தப் பயணம் செய்யும் பெரிய கெடுதல் என்பேன்.

படகா கடலைச் சூடாக்குகிறது என்று கேட்கலாம். இல்லைதான். ஆனால் மன்னார் வளைகுடாவில் பவளம் வெளிறுவது பெரும்பாலும் ஏப்ரல் முதல் ஜூன் வரை. நம் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறையும் அப்போதுதான், டூர் வேன்கள் வரிசை கட்டுவதும் அப்போதுதான். காய்ச்சலில் கிடக்கும் உயிரின் மேல் நங்கூரம் விழுகிறது, ஸ்நார்கெலிங் செய்பவரின் துடுப்புக்கால் கிளப்பும் மணல் படிகிறது. மற்ற மாதங்களில் தாங்கிக்கொள்வதை அப்போது அதனால் தாங்க முடியாது.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் மீன்பிடிக்கப் போகக் கூடாது. மீன் இனப்பெருக்கத்துக்காக, வயிற்றைக் கட்டிக்கொண்டு மீனவர்கள் அதை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். சுற்றுலாப் படகுக்கு அந்தத் தடை கிடையாது. அதே 61 நாள் பவளப்பாறைப் படகுகளும் நிற்க வேண்டும், படகோட்டிகளுக்கு அந்த நாட்களுக்கான நிவாரணத்தை அரசு கொடுக்க வேண்டும். அரசு ஆணை வரும்வரை நம் ஊர் முதலாளிகள் காத்திருக்க வேண்டியதில்லை. வரும் மே மாதம் மண்டபத்துக்கு வேன் பேசாதீர்கள்.