கருத்துக்கேட்பும் ஊரின் குரலும்: தரவுப் பாதுகாப்பு விதிகளை முன்வைத்து

எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023-இன் வரைவு விதிகள் 2025 ஜனவரி 3 அன்று வெளியாயின. மைகவ் இணையவாயில் வழியே மார்ச் 5 வரை கருத்துகள் பெறப்பட்டன. சென்னை உள்ளிட்ட ஏழு நகரங்களில் கலந்தாய்வுகளும் நடந்தன. நவம்பரில் இறுதி விதிகளை அறிவித்த ஒன்றிய அரசு, 6,915 கருத்துகள் வந்ததாகத் தெரிவித்தது. இவ்வெண்ணைக் குடிமைச் சமூகப் பங்கேற்பின் அளவுகோலாகக் கொள்ளலாமா என்பதே இக்கட்டுரையின் வினா.

கொள்ள இயலாது என்போர் முதலில் மொழித்தடையைச் சுட்டுவர். அது மெய்யே. ஒப்புதல் கோரும் அறிவிப்பை எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளில் எதிலும் பெறும் வாய்ப்பை இச்சட்டத்தின் 5ஆம் பிரிவு தருகிறது; வரைவு விதிகளோ அரசிதழில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் வந்தன. ஆயினும் மொழிபெயர்ப்பு மட்டும் குறையைத் தீர்த்துவிடாது.

கேட்கும் முறையிலேயே குறை உள்ளது. செங்கல்பட்டு மாவட்டத்தில் கோவளம் முதல் மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வரையிலான கடற்கரையில், மீனவ ஊர்களின் பொதுக்காரியங்கள் ஊர்க்கூட்டத்தில் பேசி முடிவாகும் மரபுண்டு. ஒருவர் சொன்னதை மற்றவர் மறுக்க, திருத்தம் பெற்றே அங்கு கருத்து உருவாகிறது. (அக்கூட்டங்களில் பெண்களின் குரலுக்கு எவ்வளவு இடம் என்பது தனியே ஆராயத்தக்கது.) இணையப் படிவமோ பதிவுசெய்த தனியாளையே எதிர்பார்க்கிறது. வரும் கருத்துகள் எக்கட்டத்திலும் வெளியிடப்படமாட்டா, பெயர் சுட்டாத தொகுப்புரையே பின்னர் வரும் என அமைச்சகம் முன்னரே அறிவித்தது. தயக்கமின்றிக் கருத்துரைக்க இது துணைசெய்யும் என்பது அதன் விளக்கம். ஆனால் பெருநிறுவனம் எதைக் கோரியது என்று அறியாத மீனவர் அதை எங்ஙனம் மறுப்பார்? இதனைப் பொதுக் கலந்தாய்வு என்பதினும் மனுப்பெறுதல் என்பதே பொருந்தும்.

மாற்று வழி நம் நாட்டிலேயே உண்டு. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11(4)ஆம் பிரிவின்படி வெளிப்படையாக இயங்கக் கடமைப்பட்டது. கருத்துகளையும் எதிர்க்கருத்துகளையும் வெளியிடுகிறது. 2015இல் இணையச் சமநிலை குறித்து அதற்கு 10 லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் சென்றன. 2016 பிப்ரவரி 8 அன்று பாகுபாட்டுக் கட்டணங்கள் தடைசெய்யப்பட்டன. அனுப்பியோரின் முகவரிகளையும் ஆணையம் வெளியிட்டது பிழையே. முகவரியை மறைத்தல் அதற்கு மருந்தாகும். கருத்தையே மறைத்தல் ஆகாது.

மறைவின் விலை 44(3)ஆம் பிரிவில் தெரிகிறது. தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஒ) பிரிவைத் திருத்தும் இவ்வேற்பாடு 2022 நவம்பர் வரைவு மசோதாவிலேயே இருந்தது. அதன்மீது வந்த கருத்துகளும் வெளியிடப்படவில்லை. திருத்தம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. மீன்பிடித் தடைக்கால நிவாரணப் பட்டியலில் யார் பெயர் சேர்ந்தது, யார் பெயர் விடுபட்டது என ஒருவர் கேட்பதாகக் கொள்வோம். அத்தகவல் பொதுச்செயற்பாட்டோடு தொடர்பற்றது அல்லது அந்தரங்கத்தில் தேவையின்றித் தலையிடுவது என முன்பு அலுவலர் காட்ட வேண்டியிருந்தது. இன்று ‘தனிநபர் தகவல்’ என்ற ஒரு தொடரே மறுப்புக்குப் போதும். பொதுநலன் கருதி வெளியிட 8(2) இடந்தருகிறதே எனலாம். ஆயின் அப்பொதுநலனை மெய்ப்பிக்கும் சுமை நடைமுறையில் கேட்பவர்மீதே விழும்.