செய்தித் தமிழில் மூச்சு

திரு. வி. க. 1917-இல் தேசபக்தனிலும் 1920 முதல் நவசக்தியிலும் செய்திக்கு நல்ல தமிழ்நடை அமைத்தார். அந்நாளைய ஏடுகளைப் பயில்வோர் ஒன்றை உணர்வர்: மருத்துவத்துக்குச் ‘சுவாசம்’ என்னும் வடசொல் வந்தாலும், மக்கள் வாழ்வைச் சொல்ல ‘மூச்சு’ என்னும் வீட்டுச் சொல்லே உதவியது. ‘ஒரே மூச்சில்’ என்றால் அயராமை. ‘பெருமூச்சு’ என்றால் ஏக்கம் அல்லது ஆறுதல். ‘அதிகாரிகள் மூச்சுவிடவில்லை’ என்பதில் கண்டனம் உண்டு. ‘கருத்துத் தெரிவிக்கவில்லை’ என்னும் இந்நாளைய தொடரில் அஃது இல்லை. கோப்புகளிடையே உழலும் நாம் இவ்வேறுபாட்டை நன்கறிவோம்.

தில்லியில் பிறந்த நம் சிறுமி ஒருத்தி அம்முதல் தொடரைப் படித்து, “அவர்கள் இறந்துவிட்டார்களா?” என்று வினவினாள். சிரித்தோம், பின்னர் வருந்தினோம். பழஞ்செய்திகளை வீட்டில் உரக்கப் படித்துப் பொருள் சொல்வது நம் கடன்.