ஒருத்தி மட்டும் நிற்கும் இடம்

இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தின் கட்டடக்கலை என்றதும் புத்தகங்கள் நம்மை நேராக லெ கார்புசியேவின் வில்லா சவாய்க்கோ கிரோபியஸின் பௌஹௌஸ் கட்டடத்துக்கோ அழைத்துப் போய்விடுகின்றன. நான் பேச விரும்புவது 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் கொண்ட ஓர் அறையைப் பற்றி. 1926இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் உருவான சமையலறை அது. நகர நிர்வாகம் கட்டிய குடியிருப்புகளில் சுமார் 10,000 வீடுகளில் அது பொருத்தப்பட்டது. அந்தக் காலத்தின் புகழ்பெற்ற மாளிகை எதுவும் இத்தனை பெண்களின் அன்றாடத்துக்குள் நுழைந்ததில்லை.

வடிவமைத்தவர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி. வியன்னாவில் கட்டடக்கலை படித்த முதல் தலைமுறைப் பெண்களில் ஒருவர். போருக்குப் பிந்தைய வீட்டுப் பஞ்சத்தைத் தீர்க்கும் பொறுப்பில் இருந்த எர்ன்ஸ்ட் மே அவரை ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு அழைத்துக்கொண்டார். அதுவரை பல தொழிலாளர் வீடுகளில் சமைப்பது, உண்பது, குளிப்பது, சிலர் படுத்துறங்குவது எல்லாம் ஒரே அறையில்தான். லிஹோட்ஸ்கி சமையலைத் தனியே பிரித்தார். ரயிலின் உணவுப் பெட்டியில் இருக்கும் குறுகிய சமையலறை அவருக்கு ஒரு முன்மாதிரி. தொழிற்சாலைக்கு டெய்லர் வகுத்த நேரக் கணக்கை வீட்டு வேலைக்குப் பொருத்தி அமெரிக்காவின் கிறிஸ்டின் ஃபிரெடெரிக் எழுதியது இன்னொன்று. ஜன்னலோரம் வேலை மேடை, உட்கார்ந்து நறுக்கச் சுழலும் முக்காலி, சுவரோடு மடித்து வைக்கும் இஸ்திரிப் பலகை, மாவுக்கும் அரிசிக்கும் சர்க்கரைக்கும் தனித்தனிப் பெட்டிகள். எல்லாம் கையெட்டும் தூரத்தில்.

இந்த அறையை இலேசாகத் தள்ளிவிட என்னால் முடியவில்லை. சமையலை அன்பென்றும் தாய்மையென்றும் புகழ்ந்து மூடிவைக்கும் உலகில், இது உழைப்பு, இதில் முதுகு வலிக்கிறது, இதில் ஆயுள் கரைகிறது என்று ஒரு நகரம் பொதுப்பணத்தைச் செலவிட்டு ஒப்புக்கொண்டது. பெண் வடிவமைத்ததால் பெண்ணின் தேவை புரிந்தது என்று சொல்லப்படும் பாராட்டை மட்டும் நான் ஏற்கவில்லை. அதற்கு முன் தான் வீடு நடத்தியதும் இல்லை, சமைத்ததும் இல்லை என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அவர் அந்த அறைக்குள் நுழைந்தது கட்டடக்கலைஞராக. அதைப் பெண்ணின் இயல்பறிவாகச் சுருக்குவது அவருடைய படிப்பையும் உழைப்பையும் மறைப்பது.

என் விமர்சனம் வேறிடத்தில் இருக்கிறது. அந்த அறையில் காலடிகள் எண்ணப்பட்டன. யாருடைய காலடிகள் என்ற கேள்வி எழவேயில்லை. அகலம் ஒருவருக்கானது. இன்னொருவர் உள்ளே வந்தால் இடிபடுவார்கள். கூடத்துக்குத் திறக்கும் நகரும் கதவு எதற்கு? அடுப்படியில் நிற்கும் அம்மா கூடத்தில் விளையாடும் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ள. சமையலும் பிள்ளைக் கவனிப்பும் ஒரே பெண்ணின் வேலை என்பது இங்கே அறிவுரையாக வரவில்லை, சுவராகவும் கதவாகவும் கட்டப்பட்டுவிட்டது. பழைய அறையில் புகையும் நெரிசலும் இருந்தன. ஆனால் அவள் வேலை செய்வதை வீடு முழுவதும் பார்த்தது. புதிய அறை அவள் சுமையைக் குறைத்தது, கூடவே அவளைக் கண்ணிலிருந்து அகற்றியது.

வேறு வழி அப்போது இருந்ததா? இருந்தது. அதே 1920களில் வியன்னாவில் ஹைம்ஹோஃப் என்ற குடியிருப்பு எழுந்தது. வீட்டுக்கு வீடு அடுப்பு வைக்காமல், எல்லோருக்கும் ஒரு பொதுச் சமையலறை, பொது உணவுக்கூடம், சம்பளத்துக்கு வேலையாட்கள். 1934இல் வலதுசாரி ஆட்சி ஆஸ்திரியாவில் காலூன்றிய பின் அந்த ஏற்பாடு கலைந்தது. லிஹோட்ஸ்கி இந்த யோசனையை அறியாதவர் அல்லர். வருமானம் நிலையில்லாத தொழிலாளர் குடும்பம் மாதாமாதம் இந்தச் சேவைக்குப் பணம் கட்ட முடியாது என்பது அவருடைய வாதம். அது நியாயமான வாதம்தான். ஆனால் அதைத் திருப்பிப் படித்துப் பாருங்கள்: கூலி கொடுக்க முடியாத வேலையை மனைவி இலவசமாகச் செய்வாள் என்ற கணக்கு அதற்குள் இருக்கிறது. வேலையாளுக்குச் சம்பளம் உண்டு, மனைவிக்கு இல்லை. தொழிற்சாலையில் மிச்சமான நிமிடம் முதலாளிக்குப் போனது. சமையலறையில் மிச்சமான நிமிடம் யாருக்குப் போனது என்று எந்த வரைபடமும் காட்டவில்லை.

இதற்கெல்லாம் லிஹோட்ஸ்கி ஒருவரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது சுலபம், ஆனால் தவறு. பள்ளிகளையும் குழந்தைகள் காப்பகங்களையும் வடிவமைத்தவர் அவர். நாஜி எதிர்ப்பில் இறங்கி 1941இல் கைதாகி, 15 ஆண்டு சிறைத்தண்டனை பெற்று, 1945இல் விடுதலையானவர். 2000இல் இறக்கும்வரை உலகம் அவரிடம் சமையலறையைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தது. அதில் அவருக்குச் சலிப்பு இருந்தது. அவர் வரைந்த அறை பெண்களை அடைத்தது என்று சொல்லும் நாமே அவரை அந்த அறைக்குள் அடைத்து வைத்திருக்கிறோம்.

அந்தச் சமையலறை இன்று நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. புகைப்படத்தில் அதைப் பார்க்கும்போதெல்லாம் பெட்டிகளின் ஒழுங்கை விட்டு என் கண் முக்காலியிடம்தான் போகிறது. ஒன்றே ஒன்று. இன்னொன்று போட இடமில்லை. வீடு கட்டுகிறவர்களின் வரைபடம் கைக்கு வரும்போது நானும் முதலில் அதைத்தான் தேடுகிறேன்: அடுக்களையில் இரண்டாவது ஆள் நிற்க இடம் விட்டிருக்கிறார்களா?